அருளா, மூச்சா?

நைட்ரஸ் ஆக்சைடை 1772-இல் கண்டறிந்த ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு கிறிஸ்தவப் போதகர். மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி நல்லதாக்குகிறது என்று அதற்கு முந்தைய ஆண்டே காட்டியவரும் அவர்தான். அவருடைய ஆய்வுகளுக்கு 1773-இல் பதக்கம் வழங்கிப் பேசிய ராயல் சொசைட்டித் தலைவர் ஜான் பிரிங்கிள், மனிதனின் நன்மைக்கான ஏற்பாட்டையே செடிகொடிகளில் கண்டார். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டியைப் பார்த்தாலும் அப்படிப் பேசத் தோன்றும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிடச் சுமார் 273 மடங்கு புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடை அங்குள்ள பாக்டீரியா வெறும் நைட்ரஜனாக்கி விடுகிறது. இதை நமக்கென வந்த அருள் என்று கொள்ளக் கூடாது என்பதே என் வாதம்.

தொட்டிக்குள் நடப்பது மூச்சு விடுதல்தான். உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்களை பாக்டீரியா எங்காவது இறக்கியாக வேண்டும். ஆக்சிஜன் இல்லாதபோது நைட்ரேட்டில் இறக்குகிறது. அது நைட்ரைட்டாகி, நைட்ரிக் ஆக்சைடாகி, நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசியில் நைட்ரஜனாகிறது. அந்தக் கடைசிப் படியைச் செய்வது செம்பு அணுக்களைக் கொண்ட ஒரு நொதி. ஆக்சிஜன் கசிந்தால் இந்த வரிசையில் எளிதில் முடங்குவதும் அதுவே. அப்போது பாதியில் நின்ற நைட்ரஸ் ஆக்சைடை, தொட்டிக்குள் மோட்டார் அடிக்கும் காற்றின் குமிழிகள் மேலே கொண்டுபோய் வெளியே விட்டுவிடும். ஆக்குவதும் அழிப்பதும் ஒரே தொட்டி. அழிப்பதற்கு நன்றி சொன்னால், ஆக்குவதற்குப் பழியும் சொல்ல வேண்டாமா?

மண்ணில் வாழும் அனேரோமிக்சோபாக்டர் போன்ற சிலவற்றில் நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாக்கும் வழக்கமான நொதி இல்லை, ஆனால் நைட்ரஸ் ஆக்சைடை ஒழிக்கும் நொதி உண்டு; அங்கே நோக்கம் தெரியவில்லையா என்று கேட்கலாம். அடுத்தவர் விட்டுச்சென்றதை வைத்துப் பிழைக்கிறது, அவ்வளவுதான். இயற்கை விதிகள் வழியாகவே இறைவன் செயல்படுகிறான் என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. அறிவியலால் அதை மறுக்கவும் முடியாது. ஆனால் வாயு தப்பிப்போவதும் அதே விதிகளால்தான். எண்ணமே வினை என்றார் புத்தர். அந்த அளவுகோலில் பாக்டீரியாவுக்குப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. இரண்டும் அந்தக் காற்றடிக்கும் மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று முடிவெடுப்பவரைச் சேர்ந்தவை. அவர் எண்ணிச் செயல்பட வேண்டுமானால், எவ்வளவு வாயு தப்புகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். ஹெல்சின்கியின் வீக்கின்மாக்கி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பாறைக்குள் குடைந்து கட்டப்பட்டதால், அங்கிருந்து வெளியேறும் காற்றில் இந்த வாயுவைத் தொடர்ந்து அளக்க முடிகிறது. திறந்தவெளித் தொட்டிகளில் அது அத்தனை எளிதல்ல.