மன்றம் யாருடையது?

காலைப் பிரார்த்தனை முடிந்ததும் மாணவத் தலைவர்களுக்குச் சின்னம் சூட்டும் வைபவம் ஆரம்பமாகிறது. அதிபர் சின்னத்தைக் குத்துகிறார், பெற்றோர் கைதட்டுகின்றனர். தொடர்ந்து தமிழ் மன்றம், விஞ்ஞானக் கழகம், சாரணர் படை, செஞ்சிலுவை வட்டம் என ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் நியமிக்கப்படுகின்றனர். பரிசளிப்பு விழாவன்று அதிபரின் அறிக்கை இவையனைத்தையும் 'இணைபாடவிதானச் செயற்பாடுகள்' என்னும் ஒரு தலைப்பின் கீழ் அடக்கிவிடும். எல்லாம் ஒழுங்காகவே நடைபெறுகின்றன. ஆயினும் ஒரு கேள்வியை மாத்திரம் நாம் கேட்பதில்லை. இம்மன்றங்கள் யாருடையவை?

இது நிருவாகம் பற்றிய கேள்வியன்று. அறம் பற்றிய கேள்வி. பிறரது நன்மையைக் கருதுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர்கள் செய்யவேண்டிய தீர்மானத்தை அவர்களுக்காக நாமே செய்துவிடும் உரிமை நமக்கு உண்டா?

என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குவதே நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையில் தமிழ் மன்றத்தின் பொறுப்பாசிரியனாக இருந்தேன். மாணவர்கள் வாக்குச்சீட்டில் பெயரெழுதி ஒரு மாணவியைத் தலைவியாகத் தெரிவுசெய்தனர். கூலிவேலை செய்யும் தாயின் மகள் அவள். மேடையில் பேசத் தயங்குபவள். ஆனால், கூட்டம் முடிந்தபின் கதிரைகளை அடுக்குவது முதல், வாய் திறக்க அஞ்சும் சிறுவனைப் பக்கத்தில் இருத்திக் கட்டுரை வாசிக்கப் பழக்குவது வரை யாவற்றையும் செய்தவள் அவளே. மாணவர்கள் இதை அறிந்திருந்தனர், நான் அறிந்திருக்கவில்லை. கலைவிழாவுக்குக் கல்வி அதிகாரிகள் வரவிருந்தனர். தடுமாறாமல் வரவேற்புரை நிகழ்த்த ஒருவர் வேண்டுமென்று எண்ணினேன். வாக்குகளை எண்ணியவன் நான் ஒருவனே. இரண்டாவதாக வந்த, நாவன்மை மிக்க மாணவனின் பெயரை அறிவித்தேன்.

ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. தாம் யாருக்கு வாக்களித்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாதா? விழா சிறப்பாகவே நடந்தது. மறு ஆண்டு வாக்குச்சீட்டுகளைக் கொடுத்தபோது ஒரு மாணவன் எழுந்து, "நீங்களே ஒராளைப் போடுங்கோ சேர்" என்றான். அதிலே கேலி இருக்கவில்லை, பணிவே இருந்தது. அந்தப் பணிவுதான் என்னைச் சுட்டது. வாக்கு என்பது வெறுஞ்சடங்கு, முடிவு எப்போதும் மேலிருந்தே வரும் என்னும் பாடத்தை நான் கற்பித்திருந்தேன். அவன் அதை நன்றாகக் கற்றுவிட்டான்.

இந்தப் பாடம் புதியதன்று. இங்கிலாந்தின் றக்பி பாடசாலையில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தோமஸ் ஆர்னல்ட், மேல்வகுப்பு மாணவரிடம் கீழ்வகுப்பு மாணவரைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஒப்படைக்கும் முறையை வலுப்படுத்தினார். அம்முறை பிற பாடசாலைகளுக்கும் பரவி, கிரிக்கெட்டோடும் இல்ல விளையாட்டுப் போட்டிகளோடும் நமது தீவுக்கும் வந்துசேர்ந்தது. மேலிருப்பவரிடம் அதிகாரத்தைப் பெறுவது, கீழிருப்பவர்மீது அதைச் செலுத்துவது என்பதே அதன் சாரம். குடியேற்ற ஆட்சிக்கு வேண்டியிருந்தவர்கள் அத்தகையவர்கள் அல்லவா? ஆட்சி 1948இல் அகன்றது, சின்னம் அகலவில்லை.

ஆயின் நமது மண்ணிலே வேறொரு மரபும் இருந்தது. 1924இல், ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞரின் முயற்சியால் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தோன்றியது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது அதுவே. எந்த அதிபரின் சுற்றறிக்கையும் அதைத் தோற்றுவிக்கவில்லை. மாணவரும் இளம் ஆசிரியரும் தாமாகக் கூடினர். சாதிக் கொடுமையைக் கண்டித்தனர். தாய்மொழிக்காகவும் இன ஒற்றுமைக்காகவும் வாதாடினர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தனர். டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியத்தைத் தரவில்லையென்று கூறி 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அவர்கள் அழைத்தபோது, வடபகுதியின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அதே அரசியற்றிட்டம்தான் ஏழைக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமையைத் தந்தது. ஆகவே பகிஷ்காரம் சரியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. சரியோ பிழையோ, அத்தீர்மானம் அவர்களுடையது. அதற்கு வரலாற்றின் முன் பொறுப்பேற்றவர்களும் அவர்களே. பொறுப்பு என்பது இதுவன்றி வேறென்ன?

"அவர்கள் வாலிபர், பாடசாலைப் பிள்ளைகள் பக்குவமற்றவர்கள்" என்று சிலர் கூறுவர். இந்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பிள்ளைகள் ஆளைக் கண்டு மயங்கலாம், பணத்தைத் தவறவிடலாம், பலவீனனை ஒதுக்கலாம். அவர்களுடைய பாதுகாப்புக்குப் பதில் சொல்லவேண்டியவன் ஆசிரியன். எனவே ஆபத்தைத் தடுக்கவும், கணக்கைப் பரிசோதிக்கவும், ஒருவன் அவமதிக்கப்படும்போது குறுக்கிடவும் அவனுக்கு உரிமையுண்டு, கடமையுமுண்டு. ஆனால் தடுப்பது வேறு, தெரிவுசெய்வது வேறு. நீந்தப் பழகுபவன் மூழ்காமற் காப்பவன், அவனுக்காகத் தானே நீந்திவிடுவதில்லை. பக்குவம் வந்தபின்பே சுதந்திரம் என்றால், சுதந்திரமின்றி அந்தப் பக்குவம் எங்கிருந்து வரும்? இந்நாட்டு மக்களுக்குத் தன்னாட்சிப் பக்குவம் வரவில்லை என்று வெள்ளைக்காரர் கூறியதும் இதே வாதந்தான்.

வார்சோ நகரில் 1912 முதல் யூத அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய யானுஸ் கோர்ச்சாக், அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் ஒரு மன்றத்தை அமைத்தார். அதன் சட்டக்கோவை தண்டனையைவிட மன்னிப்பையே பெரிதும் பேசிற்று. ஆறு மாத காலத்துள் ஐந்து முறை அவர் தம்மீதே வழக்குத் தொடுத்தார். சிறுமி ஒருத்தியைத் திருட்டுக் குற்றத்துக்காகச் சந்தேகித்தது அவற்றுள் ஒன்று. 1942இல் நாசிகள் அப்பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசென்றபோது, தாம் தப்பும் வாய்ப்பை மறுத்து அவர்களோடு சென்று மடிந்தார். பிள்ளைகளின் தீர்ப்புக்குத் தலைவணங்கியதால் அவருடைய மதிப்புக் குறைந்ததா?

இன்னொன்றையும் கூறாமல் இக்கேள்விக்கு விடை முழுமை பெறாது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. வகுப்பறையின் கதவு திறந்தது. மன்றத்தின் கதவு பாதியே திறந்தது. வாத்தியக் குழுவின் சீருடைக்கும், நடன உடைக்கும், துடுப்பாட்டத்துக்கும் காசு வேண்டும். பாடசாலை விட்டபின் நடைபெறும் ஒத்திகைக்கு நின்றால், தூரக் கிராமத்துப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் பஸ் தவறிவிடும். முதலாம் தர அனுமதிக்கான சுற்றறிக்கைகளில், பழைய மாணவரான பெற்றோர் புறக்கிருத்தியங்களில் ஈட்டிய சாதனைகளுக்கும் புள்ளி வழங்கப்பட்டு வந்திருக்கிறது. தகப்பன் பெற்ற சான்றிதழ் மகனுக்கு முதுசமாகிறது! கதிரை அடுக்கியவளுக்குச் சான்றிதழ் ஏது? மன்றங்கள் பாடசாலை நேரத்திலேயே கூடவேண்டும். காசில்லாதவனும் எல்லாவற்றிலும் சேரக்கூடியதாக இருக்கவேண்டும். இல்லையேல், நாம் வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்தாலும் அது ஒரு சாராரின் கையிலேயே இருக்கும்.

கோர்ச்சாக்கின் வரலாற்றைப் படித்தபின், நான் மாற்றிய தேர்தலைப் பற்றி மன்றத்தின் முன் எழுந்து சொன்னேன். சொன்னதை அப்படியே கூட்ட அறிக்கையில் பதியும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டேன். அந்த மாணவி அதற்குள் பாடசாலையை விட்டு நீங்கியிருந்தாள். அவளுக்குச் செய்த அநீதி அறிக்கையால் தீரவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் வாக்குகளை எண்ண இரு மாணவர்கள் முன்வந்தனர். நான் பின்வாங்கிலில் அமர்ந்திருந்தேன். அவர்கள் தெரிவுசெய்தவன் நான் விரும்பியவன் அல்லன்.

ஆசிரிய நண்பர்களே, பொறுப்பாசிரியன் அமரவேண்டிய இடம் அந்தப் பின்வாங்கில்தான். மாணவ நண்பர்களே, "நீங்களே போடுங்கோ" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பாடசாலையில் அதைச் சொல்லப் பழகியவர்கள் நாளை நாட்டிலும் அதையே சொல்வார்கள்.