விதியா, வினையா?

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். உயிர் காக்கும் மழையே உயிர் கவர்வதும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், பாலிங் வட்டாரத்துக் குப்பாங்கில், மலைவெள்ளம் சேற்றையும் மரங்களையும் உருட்டிவந்து மூவரைப் பலிகொண்டது.

இதனை விதி எனலாமா? ஒரு வெள்ளத்திற்கு ஒரே காரணம் கூறல் அரிது. எனினும், நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தெழும் கரிவளியால் சூடேறிய காற்று, மிகுதியான நீராவியைச் சுமந்து பெருமழைக்கு வழிகோலுகிறது என்பதும், காடிழந்த மலைச்சரிவு அந்நீரைத் தேக்காது என்பதும் தெளிவு.

மிகுதியாக எரித்தோர் தொலைவில் வாழ்கின்றனர். மரம் நனைந்தால் பால்வெட்ட இயலாமல் கூலி இழப்பவன் தோட்டத் தொழிலாளி. வினை ஒருவருடையது, பயன் வேறொருவருடையது! அறியாமல் செய்தபோது அது பிழை; அறிந்தபின்னும் செய்வது அறக்கேடு. விதியென்னும் சொல் அதற்குத் திரையாகலாகாது.