அம்புக்குறி தொடங்கும் இடம்

சென்னையின் ஐயப்பன்தாங்கலில் மண் தோண்டாத நாளே இல்லை. மவுன்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்களுக்குத் தோண்டினார்கள். உள்தெருக்களில் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அள்ளிய மண்ணை டிப்பர் லாரிகள் ராவோடு ராவாகக் கொண்டுபோய்விடுகின்றன. அதில் என்ன இருந்தது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

தெற்கே, பல்லாவரத்தில், ஒருவர் பார்த்தார். 1863 மே 30 அன்று நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே ஒரு சரளைக் குழியிலிருந்து மனிதர் செதுக்கிய கல்லாயுதத்தை எடுத்தார். பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த அத்தகைய கற்களை பண்டைய மனிதர் செய்தவை என்று அறிஞர்கள் 1859இல்தான் ஏற்றிருந்தார்கள். அந்தச் செய்தி மனதில் இருந்ததால் இந்தக் கல் அவர் கண்ணில் பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம், அத்தகைய கற்கள் கிடைக்கும் அத்திரம்பாக்கமும் தெரியவந்தது.

அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 1999 முதல் அகழ்ந்தது. அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். என்னை அதைவிட உலுக்கியது 2018இல் வந்த முடிவு. மேலடுக்குகளில் வேலைப்பாடே வேறு. கல்லைச் சுற்றிலும் தட்டித் தட்டிப் பதப்படுத்திவிட்டு, கடைசியில் ஒரே அடியில், வேண்டிய வடிவில் சில்லைப் பெயர்த்திருக்கிறார்கள். அடி விழும் முன்பே சில்லின் வடிவம் அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தத் திறனை ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட நம் இனத்தவர் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று பலர் கருதியிருந்தார்கள். அத்திரம்பாக்கத்தில் அது சுமார் 3,85,000 ஆண்டுப் பழையது. உலகப் படத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குப் போட்டிருந்த அம்புக்குறி ஒன்று ஆட்டம் கண்டுவிட்டது.

உடனே ‘எல்லாம் இங்கேதான் பிறந்தது’ என்று மார்தட்டுவது எனக்கு ஒப்பாது. அது அம்புக்குறியைத் திருப்பிப் போடுவதுதான். எந்த அம்புக்குறியும் யாரோ ஒருவர் குனிந்து பார்த்த குழியிலிருந்துதான் புறப்படுகிறது. யாரும் பார்க்காத நிலம் படத்தில் வெற்றிடமாகக் கிடக்கிறது, அங்கே ஒருவருமே வாழாதது போல. இந்தத் திறனை வெளியிலிருந்து வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்களா, இங்கிருந்தவர்களே பழகிக்கொண்டார்களா? அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. செய்தவர் இன்னாரென்று சொல்ல வழியில்லை. கொசஸ்தலைப் படுகையில் ஆய்வாளர்கள் தோண்டியது சில இடங்கள்தான். மற்ற இடங்களில் மணலும் சரளையும் அள்ளியவர்களே ஆழமாகப் போயிருக்கிறார்கள்.