மறுமொழி வராதபோது அறியப்படுவது என்ன?

தரையில் குடம் இல்லை என்பதை அறிவதற்கு, குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர் அனுபலப்தி, அதாவது காணப்படாமை, என்னும் தனி அளவையை ஏற்றனர். ஆயினும் வெறும் காணாமை போதாது, குடம் இருந்திருந்தால் கட்டாயம் கண்ணிற்பட்டிருக்கும் என்ற சூழலும் வேண்டும் என்று நிபந்தனை விதித்தனர். இருட்டில் தென்படாமை இன்மைக்குச் சான்றாகாது. தொலைவிலுள்ள கோப்புகளைத் தன்னுடையவைபோல் காட்ட விழையும் சிறிய இயங்குதளம் எந்த நெறிமுறையைத் தேர்வது என்பதும் இந்த நிபந்தனையைப் பற்றிய வினாவே. ஏனெனில் வழங்கி, அதாவது கோப்புகளை வைத்திருக்கும் கணினி, விடை தராதபோது, அது நின்றுவிட்டதா, வழி அறுந்ததா, விடைதான் தாமதிக்கிறதா என்பதைக் கேட்ட கணினியால் பிரித்தறிய இயலாது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் உருவாக்கிய என்.எஃப்.எஸ். நெறிமுறையின் தொடக்கப் பதிப்புகள், எந்தக் கோப்பை யார் திறந்துவைத்துள்ளார் என்பதை வழங்கி நினைவில் வைக்கத் தேவையில்லை என்ற கொள்கையில் அமைந்தன. வழங்கி நின்று மீண்டாலும் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பினால் போதும் என்பது இதன் பயன். அது சிறிய பயனன்று. ஆனால் அழிக்கும் கோரிக்கையில் இக்கொள்கை இடறுகிறது. வழங்கி கோப்பை அழித்துவிடுகிறது. 'முடிந்தது' என்ற விடை வழியில் தொலைகிறது. கேட்ட கணினி மீண்டும் கேட்க, 'அப்படியொரு கோப்பு இல்லை' என்ற பதில் வருகிறது. நிறைவேறிய செயலே தோல்வியாக அறிவிக்கப்படுகிறது. இதனைத் தவிர்க்க, அண்மையில் வந்த கோரிக்கைகளை வழங்கிகள் குறித்துவைக்க நேர்ந்தது. நான்காம் பதிப்போ நினைவை வெளிப்படையாகவே ஏற்றது.

சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோ முதலிய நால்வர் 1994இல் எழுதிய கட்டுரை, அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் இயல்பிலேயே வேறானவை என்று வாதிட்டு, என்.எஃப்.எஸ்.ஸையே சான்றாகக் காட்டியது: விடை வரும்வரை நிரல் முடங்கிக் காத்திருக்க வேண்டும், அல்லது தான் எதிர்பாராத பிழையை அது எதிர்கொள்ள வேண்டும்.

பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளத்துக்கென அமைந்த 9பி நெறிமுறையில், கேட்கும் கணினி ஒவ்வொரு கோப்புக்கும் 'ஃபிட்' எனப்படும் எண்ணைத் தானே சூட்டுகிறது. வழங்கி அதனை நினைவிற்கொள்கிறது. இணைப்பு அறுந்தால் அவ்வெண்கள் அனைத்தும் செல்லாதவையாகின்றன. கடைசியாக அனுப்பிய கோரிக்கை நிறைவேறியதா என்ற ஐயம் இங்கும் எஞ்சுகிறது, ஆனால் அது ஐயமாகவே வெளிப்படுகிறது, 'இல்லை' என்ற முடிவாக உருமாறுவதில்லை. அறிவின் எல்லையை மறைக்காத இந்நேர்மையும், செய்தி வகைகள் மிகச் சிலவாக இருப்பதும், சிறிய இயங்குதளத்துக்கு 9பியையே தக்கதாக்குகின்றன. நெடுந்தொலைவு இணைப்பில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் விடை வரும்வரை காத்திருப்பதால் நேரும் தாமதம் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை.