இயலாமையும் செய்யாமையும்: கன்சோல் திரை எழுப்பும் ஒரு கேள்வி

ஒன்றைச் செய்யத் தடையில்லை என்பதாலேயே ஒருவர் அதில் சுதந்திரம் உடையவராகிவிடுவாரா என்பது அரசியல் தத்துவத்தின் பழைய கேள்வி. ஐசையா பெர்லின் 1958இல் ஆற்றிய உரையில் தடையின்மையாகிய சுதந்திரத்தையும் தன்னைத் தானே ஆளும் சுதந்திரத்தையும் வேறுபடுத்தினார்; அமர்த்தியா சென் 1979இல், ஒருவரிடம் உள்ள வளங்களை எண்ணுவதோடு நில்லாமல், அவற்றைக் கொண்டு அவரால் உண்மையில் என்ன செய்ய இயலுகிறது என்று பார்க்க வேண்டும் என வாதிட்டார். கட்டற்ற மென்பொருளின் நான்கு உரிமைகளும், அதாவது இயக்குதல், ஆராய்ந்து மாற்றுதல், பகிர்தல், மாற்றியதைப் பகிர்தல் ஆகியவை, பெரும்பாலும் தடையின்மையின் மொழியிலேயே சொல்லப்பட்டுள்ளன. அவற்றின் இயலுந்திறன் எவ்வளவு என்பது சோதிக்கப்படும் இடங்களில் ஒன்று கன்சோல்: வரைகலைச் சாளரங்கள் எழும் முன்பும், அவை பழுதாகி நின்ற பின்பும், இயங்குதளம் பயனரோடு பேசும் எழுத்துத் திரை.

1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ முறையின் எழுத்துத் திரையில் வழக்கமாக 25 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். எழுத்து வடிவங்கள் வரைகலை அட்டையின் நினைவகத்தில் இருந்ததால் ஒரே நேரத்தில் 256, மிஞ்சினால் 512 வடிவங்களே கிடைத்தன. திரையின் தெளிவுத்திறனை இயங்குதளத்தின் உட்கருவான கர்னலே அமைக்கும் முறை 2009இல் லினக்ஸ் 2.6.29இல் சேர்ந்த பிறகு, கன்சோலும் திரையின் முழுத் தெளிவுத்திறனில் புள்ளி புள்ளியாக வரையப்படலாயிற்று. ஆனால் எழுத்துரு பழைய அளவிலேயே நின்றது. 3840×2160 புள்ளிகள் கொண்ட 15.6 அங்குல மடிக்கணினியில் 16 புள்ளி உயர எழுத்துக்குக் கிடைப்பது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. வட்டை முழுவதும் அழிக்கலாமா என்ற கேள்வியும் அந்த அளவில்தான் வந்து நிற்கும். எழுத்துருவை மாற்றக் கட்டளை உண்டு என்பது சரியான பதிலாகாது, ஏனெனில் அதைத் தட்டுவதற்கே திரையைப் படிக்க வேண்டும். முன்னிருப்பு அமைப்பு, அதை இன்னும் மாற்ற இயலாதவருக்காகவே இருப்பது; ஆகவே அதை முடிவு செய்பவரின் பொறுப்பு கூடுதலானது. லினக்ஸ் 5.0 2019இல் 16×32 அளவுள்ள டெர்மினஸ் எழுத்துருவைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்தது, நிரல் அளவில் சிறிய மாற்றமாயினும், அறத்தின் கணக்கில் சிறியதன்று.

செய்ய முடிந்ததற்கே கடமை உண்டு என்பது காண்ட்டின் பெயரோடு வழங்கும் கொள்கை. 512 என்ற எல்லை அட்டையின் எல்லையாக இருந்தவரை யாரையும் குறைசொல்ல இடமில்லை. புள்ளிகளை மென்பொருளே வரையத் தொடங்கிய பின்பும் அது லினக்ஸ் கன்சோலில் தொடர்வதால், இயலாமையாக இருந்தது செய்யாமையாக மாறிவிட்டது. தமிழுக்கு இது நேரடியாக உறைக்கும். ‘கொ’ என்பது கணினியில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாகப் பதிவாகிறது. திரையில் அந்தக் குறி பிளந்து, மெய்யின் இருபுறமும் நிற்க வேண்டும். குறியீடு ஒன்றுக்குக் கட்டம் ஒன்று எனப் பிரித்துவைக்கும் கன்சோலுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. தெளிவுத்திறன் எவ்வளவு உயர்ந்தாலும் அது தானாகத் தெரிந்துவிடப் போவதுமில்லை.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. எழுத்துகளைக் கோக்கும் சிக்கலான நிரலைக் கர்னலுக்குள் வைத்தால், அதிலுள்ள ஒரு பிழை முழு அமைப்பையும் ஆபத்துக்குள்ளாக்கும். பராமரிக்க ஆளில்லாத நிரலைக் காப்பதைவிட நீக்குவதே மேல் என்று 2020இல் லினக்ஸ் 5.9இல் கன்சோலின் பின்னுருட்டும் வசதியே எடுக்கப்பட்டது. அந்த முடிவில் நேர்மை இருக்கிறது. ஆனால் கர்னலுக்குள் கூடாது என்பதிலிருந்து எங்குமே வேண்டாம் என்பது பெறப்படாது. கன்சோலைக் கர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக இயக்க முடியும் என்பதைக் கேஎம்எஸ்கான் போன்ற முயற்சிகள் காட்டியிருக்கின்றன. கர்னல் நிலைகுலையும் தருணத்துச் செய்தி எளிய எழுத்துகளில், கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தால் போதும். நிறுவும் நிரலின் கேள்விகளுக்கும் வட்டைப் பழுதுபார்க்கும் அறிவிப்புகளுக்கும் அந்த விலக்கு பொருந்தாது.