கரிசல் வெயிலும் பால்காளானும்

"இந்த வெயிலுக்குக் காளான் வருமா?" காளான் வளர்க்க ஆசைப்படுகிற யாரும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்தால் கரையான் புற்றோரம் காளான் பூக்கும். பிள்ளைகள் பறித்து வருவார்கள். ஓரிரு நாளில் முடிந்துவிடும். கண்மாய் வற்றி, குண்டாற்றில் மணல் மட்டும் கிடக்கிற சித்திரையில் காளான் என்றதும் மனம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான் போகிறது.

மொட்டுக்காளானைப் பொறுத்தவரை மனம் போவது சரியான இடத்துக்குத்தான். அதற்குப் 14 முதல் 18 டிகிரி வரை குளிர்ச்சி வேண்டும். சிப்பிக்காளானும் 30 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துபோகும். பால்காளான் 30 முதல் 35 டிகிரியில்தான் நன்றாக விளைகிறது. நாம் தடை என்று நினைக்கிற சூடு அதற்குத் தேவை.

*

பால்காளான் வங்கத்துக் காளான். புர்காயஸ்தா, சந்திரா என்ற இரு ஆய்வாளர்கள் 1974-ல் மேற்கு வங்கத்திலிருந்து அதை முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். அதன்பின் வெகுகாலம் அதைப் பெரிதாக யாரும் வளர்க்கவில்லை. அதை வணிகப் பயிராக்கிய வேலை நடந்தது அருப்புக்கோட்டையில். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கிருந்துதான் 1998-ல் ஏ.பி.கே. 2 என்ற பால்காளான் ரகத்தை வெளியிட்டது. மானாவாரிப் பருத்திக்கும் சோளத்துக்கும் பேர்போன நிலத்தில் இப்படி ஒரு பயிர் பிறந்ததை நம் ஊர்க்காரர்களே பலர் அறியாமலிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

*

சூடு இருக்கிறது. ஈரம்? அடுத்த கேள்வி அதுதான், அதுவே கடினமான கேள்வி. காளான் அறையின் காற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நிற்க வேண்டும். நம் கோடைக் காற்று துவைத்த துணியை ஒரு நாழிகையில் மொரமொரப்பாக்கிவிடும்.

இதற்குக் கண்ட வழி, தரையைத் தோண்டிப் பாதி நிலத்துக்குள் இறங்கிய குடில் அமைப்பது. மேலே நீல நிறப் பாலிதீன் தாளை வளைவாகப் போர்த்துவார்கள். நிலத்தடிச் சுவர் ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஊர் நெசவாளிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. குழித்தறியும் தரைக்குள் இறங்கித்தான் இருக்கிறது; மண்ணின் குளிர்ச்சியில் பாவு நூல் அறாமல் நிற்கிறது.

வெளிச்சமும் வேண்டும். இருட்டறையில்தான் காளான் வளரும் என்று பலர் நம்புகிறார்கள். வித்துப் பரவும் நாட்களில் இருட்டு போதும். மொட்டு வைக்கும் பருவத்தில் பால்காளான் வெளிச்சம் கேட்கும்.

*

அடுத்தது வைக்கோல். காளானுக்கான படுக்கை அதில்தான், எல்லாம் இங்கேதான் நிற்கிறது.

புது வைக்கோல், மழையில் நனையாதது, பொன்நிறம் மாறாதது. இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, பிறகு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவைத்து எடுக்க வேண்டும். வேகவைப்பது வைக்கோலை மெதுவாக்க அன்று. அதில் ஏற்கெனவே குடியிருக்கும் பூஞ்சைகளைக் கொல்ல. அப்புறம் சுத்தமான தரையில் பரப்பி ஆறவிடுவது. எவ்வளவு நேரம் என்று கடிகாரம் சொல்லாது. ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்து பாருங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும். சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது. அந்த இடைநிலைதான் காளான். அதைவிடக் காய்ந்தால் வித்து பரவாது, ஈரம் மிஞ்சினால் படுக்கை அழுகும். பச்சைப் பூஞ்சை வந்து உட்காரும். கை பழகும்வரை நிதானமாக, திரும்பத் திரும்பப் பிழிந்து பார்க்க வேண்டிய வேலை இது. அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

*

வித்து வளர்வது சோளத்தில். அரைவேக்காட்டில் வெந்த சோளத்தின் மேல் பூசணம் பரவி, மணி மணியாக வெள்ளை போர்த்திக்கொள்ளும். இரண்டு வாரம் கடந்து, வெள்ளை முழுமையாக மூடிய வித்து நல்லது. மஞ்சள் நீர் கோத்ததும் பச்சை, கறுப்புப் புள்ளி விழுந்ததும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, வித்து ஓர் அடுக்கு. 12 முதல் 15 நாளில் பை முழுக்க வெளுத்துவிடும். பால்காளானுக்கு மட்டும் இதன்பின் ஒரு வேலை கூடுதல்: படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தின்மேல் முக்கால் அங்குல உயரத்துக்கு மண் போடுவது. அந்த மண்ணையும் ஆவியில் வேகவைக்க வேண்டும். அது கொஞ்சம் காரத்தன்மையோடு இருப்பது நல்லது. கரிசல் இயல்பிலேயே அப்படித்தான். ஆனால் கரிசலை மட்டும் போட்டால் காய்ந்து இறுகி வெடிக்கும், மணல் கலந்தே ஆக வேண்டும். மண் இட்டபின் பூவாளியாலோ தெளிப்பானாலோ நல்ல தண்ணீரை அளவாகத் தெளித்து வந்தால், படுக்கை போட்ட ஒரு மாதத்துக்குள் முதல் அறுவடை. ஒன்றரை மாதத்தில் மூன்று முறை பறிக்கலாம்.

பறித்த சிப்பிக்காளான் ஒரே நாளில் துவளும். பால்காளான் மூன்று நாள் வரை தாங்கும். திருச்சுழியில் விளைவதை பஸ்ஸில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோக நினைப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது.

*

புற்றுக்காளானை வீட்டில் வளர்க்க முடியாதா என்றும் கேட்கிறார்கள். அது கரையானோடு சேர்ந்து வாழ்வது. கரையான் தன் புற்றுக்குள் அதைப் பேணுகிறது. அந்த உறவை நம்மால் பைக்குள் அமைக்க முடியவில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்து விஷக்காளானைக் கண்டுபிடிக்கலாம் என்பது தவறான நம்பிக்கை. சில விஷங்கள் வேகவைத்தாலும் போகாது. தெரியாத காளானைத் தொட வேண்டாம். உங்கள் படுக்கையிலேயே வைக்காத வேறு காளான் முளைத்தாலும் பிடுங்கிப் போட்டுவிடுங்கள்.

*

தொடங்க நினைப்பவர்கள் கடன் வாங்கிக் குடில் போடுவதற்கு முன் கோவிலாங்குளம் வரை ஒரு நடை போய்வாருங்கள். ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேதான் இருக்கின்றன. கேள்விகளை அங்கே கேளுங்கள். முதலில் நான்கைந்து படுக்கை மட்டும் போடுங்கள். கோடையிலேயே போடுங்கள்.