அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

செல்வம் ஒருவருக்குக் கூடலாம், மற்றொருவருக்குக் குறையலாம். ஆனால் நாளொன்றுக்குக் கிடைக்கும் மணி மட்டும் அரசனுக்கும் ஆண்டிக்கும் இருபத்து நான்குதான். அந்த இருபத்து நான்கில் ஒன்றை ஒரு தாய் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாமா? எடுத்ததைத் தையலிலோ சமையலிலோ செலவிடாமல் ஓடுவதில் செலவிடலாமா? சிலருக்கு இது நகைப்புக்குரிய கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் நம் இல்லங்களில் வாய்விட்டுக் கேட்கப்படாமலே தினமும் கேட்கப்படும் கேள்வி இதுவே.

நம் சிம்பாங் அம்பாட் பெயருக்கேற்ற நாற்சந்தி. ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊர், இன்று பத்து காவான் தொழிற்சாலைகளை நம்பி வந்த இளங்குடும்பங்களால் தாமான் மேல் தாமானாக நிறைந்திருக்கிறது. தாசெக் முத்தியாரா என்னும் குடியிருப்பின் பெயரிலேயே ஏரியும் முத்தும் இருக்கின்றன. சுபுஹு முடிந்து வெயில் ஏறுமுன் அங்குள்ள ஏரிக்கரையில் ஓடுவோரைக் காணலாம். நம் பெண்மக்களும் முக்காட்டை இறுகக் கட்டி, தளர்ந்த உடை அணிந்து, அவர்களிடையே ஓடுகின்றனர். அவர்களுள் பலர் தாய்மார்கள். "பச்சைப் பிள்ளையைப் போட்டுவிட்டு இவளுக்கு என்ன ஓட்டம்?" என்ற சொல்லும் அவர்கள் பின்னே ஓடத்தான் செய்கிறது.

இந்தச் சொல்லுக்குச் சுலபமான மறுமொழி ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். சுமார் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. பேறுகாலத்தில் தோன்றும் நீரிழிவு பிள்ளை பிறந்ததும் மறைந்தாலும், பிற்காலத்தில் திரும்பி வரக்கூடியது. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை உழைக்கச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியபோது, பிள்ளை பெற்ற தாய்மாரையும் சேர்த்தே கூறியது. ஆகவே தாய் ஓடினால் நோயின்றி இருப்பாள். நோயற்ற தாய் பிள்ளைகளை நன்கு வளர்ப்பாள். இது சரியான வாதந்தான்.

ஆனால் இது முழு வாதமாகாது. தாய் பிறருக்குப் பயன்படுவதால்தான் அவள் நலம் பேணப்பட வேண்டும் என்றால், அவளுக்கும் வீட்டுத் தையல் இயந்திரத்துக்கும் வேறுபாடு என்ன? எண்ணெய் விடுவது இயந்திரத்தின் சுகத்துக்காக அன்று. அது தொடர்ந்து தைக்க வேண்டும் என்பதற்காகவே. ஒரு பெண் பிள்ளை பெற்றதனால் மனிதப் பிறவியின் உரிமையை இழந்து கருவியாகிவிடுகிறாள் என்று நம் மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. உன் உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இரவெல்லாம் நின்று வணங்கிப் பகலெல்லாம் நோன்பிருந்த தோழருக்கே அது சொல்லப்பட்டது. வணக்கத்தின் பெயராலும் உடலின் உரிமையைப் பறிக்கலாகாது என்றால், அடுப்படியின் பெயரால் பறிக்கலாமா?

நம் நினைவில் இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. ஒன்று ஹாஜரா அம்மையாரின் ஓட்டம். தாகத்தால் துடித்த மகனுக்காக ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே அந்தத் தாய் ஓடினார்கள். இன்று மன்னரும் அமைச்சரும் அங்கே போனால் அந்தத் தாயின் தடத்தைத்தான் பின்பற்ற வேண்டும். பச்சை விளக்குகளுக்கிடையே ஆண்களெல்லாம் விரைந்தோடுவது ஒரு பெண்ணின் ஓட்டத்தை நினைந்துதான்.

மற்றொன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் ஓட்டம். நாயகம் (ஸல்) அவர்களோடு பந்தயம் ஓடி முதலில் வென்றதும், பின்னாளில் தம் உடல் கனத்தபின் மீண்டும் ஓடித் தோற்றதும், முன்னதற்கு இது ஈடு என்று நாயகம் சொன்னதும் அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் காணப்படுகின்றன. அன்னையார் பிள்ளை பெற்றவர்கள் அல்லர். எனினும் இதில் நமக்குப் பாடம் உண்டு. அந்த ஓட்டத்தால் யாருக்கும் தண்ணீர் கிடைக்கவில்லை. எந்த வேலையும் முடியவில்லை. அது மகிழ்ச்சிக்காகவே ஓடிய ஓட்டம். உடல் மாறிவிட்டது என்பதற்காக இரண்டாம் ஓட்டம் நின்றுவிடவும் இல்லை. பிள்ளைக்காக ஓடியதைப் போற்றும் நாம், மகிழ்ச்சிக்காக ஓடியதை மட்டும் மறந்துவிடுவது நியாயமாகுமா?

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். தாய் ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். பெரும்பாலும் கொடுப்பவர் முழங்கால் வலியோடு பேரனைத் தூக்கி நிற்கும் பாட்டிதான். ஒரு பெண்ணின் உரிமை மற்றொரு பெண்ணின் முதுகில் ஏறி வருமானால் அது நீதியன்று. இந்நாட்டில் 2023 முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 98 நாட்கள். தகப்பனுக்கு 7 நாட்கள். சட்டம் ஏழு நாளோடு நிற்கலாம். தகப்பனின் கடமை ஏழு நாளோடு நிற்குமா? பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுக்கவும் துணி மாற்றவும் ஆண்களின் கைகளுக்கும் தெரியும். சகோதரர்களே, மனைவிக்கு ஒரு மணி நேரம் "அனுமதி" தருவதாக எண்ணாதீர்கள். அது அவளுக்குரியதைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

உரிமை உண்டு என்பதால் அவசரம் கூடாது. உடல் ஓர் அமானிதம் என்றால் அதைப் பதமாகக் கையாள வேண்டும். நாற்பது குளித்து எழுந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எண்ணுவது பிழை. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் அடித்தசைகள் தேறுவதற்குக் காலம் வேண்டும். குறைந்தது மூன்று மாதம் கழித்தே ஓடத் தொடங்கலாம் என்று 2019இல் பிரிட்டிஷ் நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அதற்குமுன் அரைமணி நேரம் வருத்தமின்றி நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ அடிவயிற்றில் பாரம் இறங்குவதுபோல் தோன்றினாலோ, வெட்கத்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எத்தனையோ தாய்மார் இதை ஆயுள் முழுதும் வாய் திறவாமல் சுமந்திருக்கிறார்கள்.

உலகம் அறிந்த தாய்மாரும் ஓடியிருக்கிறார்கள். ஹாலந்து நாட்டின் ஃபானி பிளாங்கர்ஸ் கோயன், இரு பிள்ளைகளின் தாய். "வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்" என்று கண்டித்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கங்களை வென்றார். நம் கேரளத்துப் பி. டி. உஷா, மகன் பிறந்த பின் களத்துக்குத் திரும்பி, 1998இல் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியப் போட்டியில் 200, 400 மீட்டர் ஓட்டங்களில் வெண்கலம் பெற்றார். இவர்களைக் காட்டி நம் பெண்களை விரட்டுவது நம் நோக்கமன்று. தங்கம் வென்றால்தான் ஓட்டம் நியாயமாகும் என்றால் நம்மில் யாருக்கும் ஓட உரிமையிராது. ஏரியைச் சுற்றி ஓடுகிறவள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறாள். அவள் யாரையும் முந்த வேண்டியதில்லை.

ஒரு சொல் மட்டும் நாம் திருத்திக்கொள்ள வேண்டும். "பழைய உடம்பு திரும்ப வேண்டும்" என்று பல சகோதரிகள் ஏங்குகிறார்கள். நம் ஊரிலிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் சுமார் ஒரு மணி நேரம் சென்றால் தைப்பிங் ஏரிப்பூங்கா. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்கள் அவை. 1880களில் அவற்றைப் பூங்காவாக்கினார்கள். தோண்டிய குழியை மூடிப் பழைய நிலமாக்க யாரும் முயலவில்லை. பள்ளத்தில் நீரை நிற்கவிட்டார்கள். கரையில் மழைமரம் நட்டார்கள். இன்று அந்த மரங்கள் சாலையைக் கடந்து கிளை நீட்டி நீரைத் தொடுகின்றன. பழைய நிலம் திரும்பவில்லை. ஆனால் அந்த இடம் முன்னைவிடச் சிறந்தது. பிள்ளை சுமந்த உடலும் அப்படித்தான். அதனிடம் பழைய வேகத்தைக் கேட்டுத் துன்புறுத்துவதைவிட, இன்று அதனால் இயன்றதைக் கண்டு மகிழ்வதே அறிவு.

ஆகவே, அந்த ஒரு மணி நேரம் யாருடையது? அது தாய்க்குரியது, கொடுக்க வேண்டியது குடும்பம் முழுவதும். ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. நாளைக் காலை தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளட்டும். பாட்டியும் விரும்பினால் மெல்ல நடந்து வரட்டும். கரையில் அவருக்கும் இடமுண்டு.